முதலில் அந்தச் செருப்பைக் கீழே போடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை நம்ம மஞ்சக்குப்பம் குழுவில் ஓடிய அந்த வீடியோவைப் பற்றித்தான். எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நாய்க்குட்டியின் மூஞ்சிக்கு நேரே விரலை ஆட்டி ஆட்டிக் காட்ட வேண்டியது, அது கவ்வினதும் ரப்பர் செருப்பால் மூக்கிலேயே ஒன்று போட வேண்டியது. அது கத்திக்கொண்டு சுருள, பின்னால் நாலு பேர் சிரிப்பு. "இப்படி நாலு போட்டாத்தான் அடங்கும்" என்று கீழே ஒரு ஞானி. நான் எழுதினது ஒரே வரி: அடிக்காதீங்க, அடித்தால் இன்னும் மோசமாகும். அதற்கு வந்த பதில்களைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

அடி வாங்கி வளர்ந்த நாய் கடிப்பதை மறக்காது, உறுமுவதைத்தான் மறக்கும். உறுமல் என்றால் "கிட்ட வராதே" என்று அது நமக்கு முன்கூட்டியே சொல்வது. அதற்கும் செருப்படிதான் என்றால் அடுத்த முறை எதற்குச் சொல்லப்போகிறது? நேரே பல்தான்.

குட்டி கவ்வுவது குணக்கேடு இல்லைங்க. அதற்கு ஏது கை, எதையும் வாயால்தான் தொட்டுப் பார்க்கும். இருப்பது 28 பால் பல், ஒவ்வொன்றும் ஊசி. நாலாவது மாதம் வாக்கில் அவை விழத் தொடங்கும், ஆறு ஏழு மாதத்துக்குள் 42 பெரிய பல் வரும். அதுவரை ஈறு ஊறிக்கொண்டே இருக்கும், கண்டதையும் கடிக்கும். எவ்வளவு அழுத்தினால் அடுத்தவனுக்கு வலிக்கும் என்பதைக் கூடப் பிறந்த குட்டிகளோடு உருண்டு புரண்டுதான் அது கற்றுக்கொள்ளும். ஓங்கிக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை விட்டுப் போய்விடும், தாயும் ஒரு அதட்டல் போடும். எட்டு வாரமாவது அங்கே இருக்க வேண்டிய குட்டியை நாம் என்ன செய்கிறோம்? கண் திறந்த கையோடு ஆண் குட்டியாகப் பார்த்து அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். அப்புறம் "கடிக்குது, கடிக்குது" என்று புலம்பல்.

எங்கள் நாய் மிளகும் அப்படி வந்தவன்தான், மறைக்கவில்லை. டீக்கடைக்குப் பின்னால் மழையில் நனைந்துகொண்டிருந்தான், தாயைக் காணோம். முதல் மாதம் என் இரண்டு கையும் முள்வேலிக்குள் விட்டு எடுத்த மாதிரி இருந்தது. நைட்டி ஓரம் ஒன்றுகூட முழுசாக இல்லை. சாயங்காலம் ஏழு மணி ஆனால் வெறி பிடித்த மாதிரி ஓடி ஓடிக் கணுக்காலைக் கவ்வுவான். தூக்கம் போதாத குட்டி அப்படித்தான் செய்யும் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம்கூடத் தூங்குகிற வயது அது. நாமோ வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தோம்.

செய்தது இவ்வளவுதான். பல் தோலில் பட்டால் கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது, இழுத்தால் அது துரத்தும். அப்படியே நிறுத்திவிட்டு எழுந்து திரும்பிக்கொள்ள வேண்டும். பேச்சு கிடையாது, பார்வை கிடையாது. பதினைந்து இருபது விநாடி கழித்து வந்து, முடிச்சுப் போட்ட பழைய லுங்கித் துண்டை நீட்ட வேண்டும். நனைத்து ஃப்ரீஸரில் வைத்து எடுத்தால் ஈறுக்கு இதமாக இருக்கும். "ஆ" என்று கத்தச் சொல்வார்கள், மிளகுக்கு அந்தச் சத்தமே கொண்டாட்டமாகிவிட்டது, விட்டுவிட்டேன். சொல்லப்போனால் மிளகைவிட என் வீட்டுக்காரரைப் பழக்கத்தான் நாளானது. நான் திரும்பி நின்றுகொண்டிருப்பேன், அவர் அந்தப் பக்கம் கையை அதன் வாயில் கொடுத்துக் குஸ்தி போட்டுக்கொண்டிருப்பார். அத்தை வேறு "கடிக்கக் கூடாதுடா கண்ணு" என்று கொஞ்சிக்கொண்டே பிஸ்கட் கொடுப்பார். வீட்டில் மூன்று பேரும் ஒரே மாதிரி நடக்க ஆரம்பித்த பிறகு மூன்றே வாரம். ஒருநாள் பெருக்கும்போது மொசைக் தரையில் அரிசி நொய் மாதிரி ஒன்று கிடந்தது, பார்த்தால் அதன் பால் பல். இன்னும் மாத்திரை டப்பாவில் வைத்திருக்கிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

"தெருநாய் கடித்துக் குழந்தைகள் சாகிறது, நீ நாய்க்கு வக்காலத்தா?" என்று கேட்டவருக்கு: ஐயா, அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன். குட்டிதானே, வெறிநோய் வராது என்பது பச்சைப் பொய். தோல் கிழிந்தால் மஞ்சள், சுண்ணாம்பு வைக்காமல், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். முதல் ஊசி போட்ட நாளிலிருந்து 3, 7, 28 நாள் கழித்து என்று கணக்கு, ஒன்றையும் விடக் கூடாது. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் அதற்கும் ஊசி. இதில் செருப்பு எங்கே வருகிறது சொல்லுங்கள்.

"எங்க காலத்துல இப்படியா வளர்த்தோம்" கோஷ்டிக்குப் பதில் இல்லை. உங்கள் காலத்தில் வாத்தியார் பிரம்பால் வெளுத்தார், அதுவும் நல்லதுக்குத்தான் என்பீர்கள்.

"பிள்ளை இல்லாத வீட்டில் நாய்க்குட்டிக்குத்தான் டியூஷன் எடுப்பார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். பெயரைச் சொல்லவில்லை. அவர் வீட்டுக் கொலுவுக்குப் போன வருடம் ஒன்பது நாளும் சுண்டல் செய்ய ஒத்தாசைக்குப் போனவள் நான். அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், நான் பார்த்திருக்கிறேன். தொண்ணூறுகளில் நாங்கள் திருப்பாதிரிப்புலியூரில் இருந்தோம். ராஜா என்று ஒரு செவலை நாய். சோற்றுத் தட்டுப் பக்கம் யார் போனாலும் உறுமும். அப்பா குடைக்கம்பால் அடிப்பார். கெட்ட மனிதர் இல்லை, அடித்தால் திருந்தும் என்று நிஜமாகவே நம்பினார். ராஜாவும் "திருந்தியது". உறுமலே இல்லை. வருகிறவர்கள் எல்லாம் எவ்வளவு சாதுவான நாய் என்று மெச்சினார்கள், அப்பாவுக்கும் பெருமை. ஒருநாள் தம்பி, ஆறு வயசு, தட்டுக்குப் பக்கத்தில் உருண்டுபோன பந்தை எடுக்கக் குனிந்தான். சத்தமே இல்லை, கன்னத்தில் கவ்விவிட்டது. அப்போதெல்லாம் தொப்புளைச் சுற்றித்தான் ஊசி. அவன் அலறினது இன்னும் காதில் இருக்கிறது. மறுநாள் ராஜாவை நெல்லிக்குப்பம் போகிற கரும்பு டிராக்டரில் ஏற்றிவிட்டார்கள். வண்டி தெருமுனை திரும்பும்வரை அது அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா அப்புறம் நாயே வளர்க்கவில்லை. அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

அதனால் அந்த வீடியோ அண்ணனிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் குட்டிக்கு எப்படியும் மூன்று மாதம் ஆகியிருக்கும், பார்த்தாலே தெரிகிறது. ஊசி போட்டாச்சா? பழைய லுங்கி இல்லையென்றால் சொல்லுங்கள், எங்கள் வீட்டில் இன்னும் இரண்டு இருக்கிறது, கொடுத்தனுப்புகிறேன்.