கறள் தின்ற பாலங்கள்

“வடக்கு ரயில் பாலங்களைக் குண்டுதான் அழிச்சது” எண்டு இலங்கைப் போரைப் பற்றின ஒரு கட்டுரை ஒரே வரியில முடிச்சிட்டுது. அது பாதிதான். யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி (ரயில்) நிண்டது 1990 ஜூனில, திரும்ப வந்தது 2014 அக்டோபர் 13இல. கடல்நீரேரிக் கரையில இருக்கிற இரும்புப் பாலத்துக்கு 24 வருசம் பெயின்ற் அடிக்காமல் விட்டால், குண்டே தேவையில்லை.

தண்டவாளமும் சிலிப்பர் கட்டையளும் பங்கர் எண்ட பதுங்குகுழி கட்டப் போனபிறகு, கட்டை குந்தியிருந்த இடங்களில உப்புத்தண்ணி தேங்கும். அதைவிட மோசம், ரிவிற் (தகடுகளைப் பிணைக்கிற தலையுள்ள ஆணி) அடிச்ச இரண்டு தகட்டுக்கு நடுவிலை இருக்கிற இடுக்கு. கறள், அதுதான் துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உள்ளுக்கிருந்து தகட்டைப் பிளந்து ரிவிற் தலையைத் தெறிக்க வைக்கும். வெளியால பார்க்கப் பாலம் முழுசாத்தான் தெரியும். சுத்தியலால தட்டினால்தான் வெடிச்ச பானைச் சத்தம் கேக்கும்.

பிறகு உத்தரம் குந்தியிருக்கிற தாங்குதகடு. 10 மீற்றர் உத்தரம் 30 பாகை வெப்ப மாற்றத்துக்கு மூண்டரை மில்லிமீற்றர் அளவில நீளும். கறளும் மண்ணும் இறுகி அது நகர ஏலாமல் போனால், அந்தத் தள்ளு முழுக்க உத்தரத்தைத் தாங்குற கல்லுக்கட்டுக்குத்தான். அங்கை ஆலங்கண்டு முளைச்சிருந்தால் இன்னும் மோசம். மேலால வெட்டினால் திரும்பத் துளிர்க்கும். வேரோடை எடுத்து, வெடிப்புக்குள்ள சாந்து அடைக்கவேணும்.