சுங்கானும் சொளகும்

(முக்கூடலில் ஒரு தெரு. ஆடி மாதம், செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று யாரையும் கேட்காமல் வீட்டுக்குள் நுழைந்து வெளியேறுகிறது. ஒரு திண்ணையில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் முத்தையா, மருமகன் பிரான்சிலிருந்து கொண்டுவந்த சுங்கான் என்னும் புகைக்குழாயுடன் போராடிக்கொண்டிருக்கிறார். பக்கத்துத் திண்ணையில் பேச்சியம்மாள். மடியில் சொளகு என்கிற முறம், சொளகில் பீடி இலையும் புகையிலைத் தூளும்.)

பேச்சியம்மாள்: குறை நினைக்காதீர்கள், அண்ணாச்சி. நானும் விடிந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இதுவரை நீங்கள் புகைத்தது முழுவதும் கோவில்பட்டித் தீப்பெட்டிதான்.

முத்தையா: அறியாமல் பேசாதே, தங்கச்சி. மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் ஒரு புதர்ச்செடியின் வேர்முண்டைத் தோண்டியெடுத்து, வேகவைத்து, மாதக்கணக்கில் உலரவிட்டு, அதன் பிறகு கடைந்து செய்த சுங்கான் இது. பிரான்சில் சான் குளோத் என்னும் ஊர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. இந்த மரம் எளிதில் தீப்பிடிக்காது என்பதுதான் இதன் பெருமை.

பேச்சியம்மாள்: மரம் தீப்பிடிக்கவில்லை என்பதைத் தெருவே ஒப்புக்கொள்கிறது. புகையிலையும் தீப்பிடிக்கவில்லையே, அதுவும் பெருமையில் சேருமா?

முத்தையா: நான் முறை தவறவில்லை. சுங்கானின் தலையில் புகையிலை போடும் கிண்ணத்தை மூன்று தவணையாக நிரப்பி, முதல் தவணையைக் குழந்தையின் கை அளவுக்கும், அடுத்ததைப் பெண்ணின் கை அளவுக்கும், கடைசித் தவணையை ஆணின் கை அளவுக்கும் அழுத்த வேண்டும் என்பது வெள்ளைக்காரர்கள் பரம்பரையாகச் சொல்லிவரும் விதி.

பேச்சியம்மாள்: அந்த விதியைச் சொன்னவர் எந்த ஊர்ப் பெண்ணின் கையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்? நாளொன்றுக்கு ஆயிரம் பீடி சுற்றி, ஒவ்வொன்றின் தலையையும் மடக்கி அடைக்கிற கை இது. போன தீபாவளிக்கு உங்கள் வீட்டு முறுக்கு மாவை யாராலும் பிழிய முடியாமல் யாரைக் கூப்பிட்டீர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அதை இப்படி நீட்டுங்கள். (சுண்டுவிரலைக் கிண்ணத்துக்குள் விட்டுப் பார்க்கிறாள்.) அடித் தவணையிலேயே உங்கள் கையைக் காட்டிவிட்டீர்கள், அண்ணாச்சி. காற்றுப் போக வழியில்லாமல் இறுகிக் கிடக்கிறது. இப்படி ஒரு பீடியைச் சுற்றிக் கொண்டுபோனால், சரிபார்க்கிறவர் விரலில் ஓர் உருட்டு உருட்டிவிட்டுக் கட்டோடு கழித்து எறிந்துவிடுவார். தூளும் போகும், கூலியும் போகும்.

(திண்ணைக் கல்லில் தட்டப் போகிறாள்.)

முத்தையா: ஐயையோ, கல்லில் தட்டாதே, தண்டு ஒடிந்துவிடும்! உள்ளங்கையில் தட்டு.

(புகையிலை ஒரே கட்டியாக விழுகிறது. அவள் ஒரு சிட்டிகை எடுத்து நசுக்கி விடுகிறாள்; அது நசுங்கியபடியே ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.)

பேச்சியம்மாள்: நசுக்கி விட்டால் இழைகள் தாமாகப் பிரிந்து விரிய வேண்டும். இதைப் பாகில் ஊறவைத்தார்களா?

முத்தையா: மணத்துக்காக இனிப்புச் சேர்ப்பது அவர்கள் வழக்கம்.

பேச்சியம்மாள்: நாங்கள் இலையைத்தான் நனைப்போமே தவிரத் தூளை நனைக்க மாட்டோம். ஈரத்தோடு கொளுத்தினால் புகையை முந்திக்கொண்டு ஆவி வரும். நாக்கு எப்படி இருக்கிறது?

முத்தையா: வெந்துபோயிருக்கிறது. நேற்று உன் மதினி வைத்த தேங்காய்ப்பால் சொதிகூடக் காரமாகத் தெரிந்தது.

(புகையிலையைச் செய்தித்தாளில் பரப்பி அரை மணி நேரம் காத்திருக்கிறார்கள். அந்த அரை மணி நேரமும் முத்தையா சான் குளோத்தின் வரலாற்றைச் சொல்கிறார். வாசகர்கள் பாவம் என்பதால் அது இங்கே இடம்பெறவில்லை.)

பேச்சியம்மாள்: பீடிக்கட்டில் நூற்றுக்கு 85 பங்கு இடத்தைப் புற்றுநோய் எச்சரிக்கையே பிடித்துக்கொள்கிறதே, உங்களுக்கு அந்தப் பயம் இல்லையா?

முத்தையா: சுங்கான் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, தங்கச்சி. வாயிலேயே வைத்திருந்து வெளியே விட்டுவிட வேண்டும்.

பேச்சியம்மாள்: அப்படியானால் நோய் வாயோடு நின்றுவிடும் என்கிறீர்கள்.

முத்தையா: (பேச்சை மாற்றி) காய்ந்துவிட்டது பார். இந்த முறை அடித் தவணையை அழுத்தாமல் உதிர்த்துப் போடுகிறேன். பற்றவைப்பதற்கு முன்பே ஒருமுறை உறிஞ்சிப் பார்த்தால், லேசான தடை மட்டும் தெரிய வேண்டும். தெரிகிறது. முதலில் ஏற்றும் தீ நிற்காது. மேலே உள்ள இழைகள் கருகிப் புடைத்தெழும். அவற்றை இந்த ஆணியின் கொண்டையால் மெல்ல மட்டப்படுத்திவிட்டு இரண்டாவது தீயை ஏற்ற வேண்டும். பழகியவர்களுக்கே இடையில் ஓரிரு முறை அணையும்.

பேச்சியம்மாள்: காற்றுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். குச்சியின் மருந்து எரிந்து தீரும்வரை கிண்ணத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள், கந்தக நாற்றம் ஏறிவிடும்.

(இரண்டாவது தீ பிடிக்கிறது. மெல்லிய புகை எழுகிறது.)

முத்தையா: பார்த்தாயா! இந்த வேர்முண்டின் சிறப்பு என்னவென்றால், அதன் இழையோட்டமானது...

(அணைந்துவிடுகிறது.)

பேச்சியம்மாள்: எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது, அண்ணாச்சி. பீடியும் இப்படித்தான், இழுப்பதை நிறுத்தினால் அந்த இலையில் நெருப்பு நிற்காது. அதனால்தான் எங்கள் வீட்டுக்காரர் பீடியைப் பற்றவைத்தால், வீட்டுக்குள் பாம்பே வந்தாலும் கையால்தான் காட்டுவார். நீங்களோ சுங்கானை வாயில் வைத்துக்கொண்டு இலக்கண வகுப்பு நடத்துகிறீர்கள். வாயைத் திறக்காமல், மூச்சு விடுகிற நிதானத்தில், சிறிது சிறிதாக உறிஞ்சுங்கள். வேகமாக இழுத்தால் கிண்ணம் சுடும், நாக்கும் மறுபடி வேகும்.

(முத்தையா தலையை மட்டும் அசைக்கிறார். மீண்டும் பற்றவைக்கிறார். சுங்கான் எரிகிறது, நின்று எரிகிறது. திண்ணையில் பேச்சில்லை. உள்ளே அடுப்படியில் பாத்திரச் சத்தம் சட்டென்று நிற்கிறது.)

மதினியின் குரல்: பேச்சி! அங்கே என்ன, அவருடைய சத்தத்தையே காணோம்? மயக்கம் ஏதும் வந்துவிட்டதா?

பேச்சியம்மாள்: ஒன்றும் இல்லை, மதினி! வாயைத் திறந்தால் சுங்கான் அணைந்துவிடும் என்று அண்ணாச்சி அடங்கி உட்கார்ந்திருக்கிறார். அந்த இரட்டைவடச் சங்கிலியைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று சொன்னீர்களே, ஓடி வாருங்கள். இன்னும் பாதிக் கிண்ணம் பாக்கி இருக்கிறது, அதுவரைக்கும் அவரால் மறுத்துப் பேச முடியாது!