"குடுத்துடு ஆத்தா" என்பதற்கு முன்னால்

லீவுக்கு நாலு வீட்டுப் பிள்ளைகள் காரைக்குடிப் பக்கம் பெரிய வீட்டில் கூடினால், முதல் நாள் சாயங்காலத்துக்குள் ஒரு பொம்மைக் காருக்காவது அடிதடி நடக்கும். ரெண்டு வயசுப் பிள்ளை கையில் இருப்பதைப் பிடுங்கி, "அண்ணன் கேக்குறான்ல, குடுத்துடு" என்று பெரியவர்கள் பஞ்சாயத்தை முடிப்பார்கள். பெரிய ஆள் வந்தால் பொருள் போய்விடும் என்றுதான் அந்தப் பிள்ளை தெரிந்துகொள்ளும். அடுத்த தடவை இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.

அந்த வயசில் "என்னோடது" என்று கத்துவது வளர்ச்சிதான். தன்னுடையது தன்னிடம் நிற்கும் என்ற தைரியம் வந்தால்தான் கொடுக்க மனசு வரும். நம்ம ஊர் வீட்டைப் பாருங்கள்: வளவு என்கிற நடு முற்றம் எல்லாருக்கும் பொது, சுற்றியிருக்கும் அறைகள் புள்ளிக்குப் புள்ளி (கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி) தனி, பூட்டு சாவியோடு. கல்யாணமான மகனை அதே வீட்டுக்குள் தனிக் குடும்பமாக வேறு வைக்கிறோம். பெரியவர்களுக்கு இந்த நியாயம், பிள்ளைக்கு மட்டும் எல்லாமே பொதுவா?

அதனால் மற்ற பிள்ளைகள் வருமுன்பே, எதைத் தொடவிடக் கூடாது என்று பிள்ளையையே கேட்டு ரெண்டு மூன்று சாமானை அலமாரியில் பூட்டிவிடுங்கள். வெளியே போடுவது கட்டை, சொப்பு, கிரேயான் மாதிரி நிறைய இருப்பவையாக இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று இருந்தால் முறைதான். ஊஞ்சலில் ஆளுக்குப் பத்து ஆட்டம், காத்திருக்கும் பிள்ளைகள் சத்தமாக எண்ண வேண்டும். "அஞ்சு நிமிஷம்" என்றால் மூன்று வயசுக்கு விளங்காது. எண்ணிக்கை காதில் விழும். பத்து ஆனதும் நிறுத்துங்கள். அழுகிறதே என்று ரெண்டு ஆட்டம் கூட விட்டால், காத்திருப்பவனுக்கு முறை மேலேயே நம்பிக்கை போய்விடும்.

சுவிட்சர்லாந்துப் பிள்ளைகளை வைத்து 2008-இல் வந்த ஆய்வில், 3-4 வயசில் பெரும்பாலும் தன்னலம்தான். 7-8 வயசில்தான் பெரும்பாலோர் சமப் பங்கைத் தேர்ந்தார்கள். ஆனால் 2011-இல் வந்த இன்னொரு ஆய்வில், சேர்ந்து வேலை செய்து கிடைத்ததை 3 வயசுப் பிள்ளைகளே பெரும்பாலும் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். எனக்குப் பிடித்த வழி இதுதான். சீப்புச் சீடைக்கு மாவைச் சீப்பில் அழுத்திச் சுருட்ட மூன்று பிள்ளைகளை உட்கார வையுங்கள், அடுப்புக்குத் தள்ளி. பொரித்து ஆறியதும் ஒரே தட்டில் கொட்டி, அவர்களையே பிரிக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே போனால் போதும், கணக்குத் தெரிய வேண்டாம். கொடுத்ததற்குக் கூலியாகச் சாக்லேட் மட்டும் காட்டாதீர்கள். மறுநாள் சாக்லேட் இல்லாமல் கை நீளாது. "நீ குடுத்ததும் தம்பி எப்படிச் சிரிக்கிறான் பாரு" என்றால் போதும்.

எப்போதும் விட்டுக்கொடுக்கச் சொல்லப்படும் மூத்த பெண்ணையும் கவனியுங்கள். ஏழு வயசில் அவள் நியாயத்தைக் கணக்கு வைக்கிறாள். ஊஞ்சலில் அவளுக்கும் அதே பத்துதான். இதையெல்லாம் அப்பத்தாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் முதல் அழுகையிலேயே தீர்ப்பு மாறிவிடும்.