பொறுக்காத பழம்

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் தோட்டத்தில் திராட்சைப் பழம் வெட்டுவதாக இருந்தது. எட்டுப் பெண்கள் ஆறு மணிக்கே கத்தரியோடு வந்துவிட்டார்கள். பெட்டிகள் முந்தின நாளே வந்து பந்தலடியில் அடுக்கிக் கிடந்தன. வியாபாரி மட்டும் வரவில்லை. ஏழரை மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். "அக்கா, மகாராஷ்டிரா லோடு நிறைய இறங்கிவிட்டது. சந்தை படுத்துவிட்டது. இரண்டு நாள் பொறுங்கள்" என்றார்.

வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, அரை நாள் கூலியும் கொடுத்து அனுப்பினோம். புதன்கிழமை இரவு மழை பிடித்துக்கொண்டது. வியாழக்கிழமை வெட்டினோம். திங்கட்கிழமை கிலோ 55 ரூபாய்க்குப் பேசி முடித்த பழம் 30 ரூபாய்க்குப் போயிற்று.

அந்த இரண்டு நாள்களைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கில், சுருளி அருவிக்குப் போகும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி எங்கள் மூன்று ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல் இருக்கிறது. கல் தூண் நட்டு, கம்பி இழுத்து, கொடி ஏற்றியது என் மாமனார். நான் கல்யாணமாகி வந்தபோது கொடி பந்தல் முழுக்கப் படர்ந்து, உச்சி வெயிலிலும் அடியில் நிழலாக இருந்தது. அந்த வருடத்திலிருந்து ஒரு நோட்டில் எல்லாவற்றையும் குறித்து வருகிறேன். கவாத்து, அதாவது கொடியின் கிளைகளை வெட்டிவிட்டது எப்போது, மருந்து எப்போது, மழை எப்போது, பழ வெட்டு எப்போது, விலை என்ன, யாருக்குக் கொடுத்தோம், யார் மிச்சம் வைத்தார்கள், எல்லாம் அதில் இருக்கிறது. இப்போது ஏழாவது நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

பன்னீர் திராட்சையைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டீர்கள். கருநீலமாக, விதையோடு இருக்கும். வாயில் போட்டால் பன்னீர் மணக்கும். மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் வெளிநாட்டுப் பெயர். தமிழ்நாட்டில் விளையும் திராட்சையில் பெரும்பங்கு இதுதான். காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ஆனைமலையன்பட்டி, கூடலூர் என்று எங்கள் பக்கத்து ஊர்களில் எந்த வழியாகப் போனாலும் பந்தல் கண்ணில் படும். வடக்கே மகாராஷ்டிராவில் நாசிக், சாங்லி பக்கமெல்லாம் வருடத்துக்கு ஒரு வெட்டுதான். இங்கே இரண்டு வருடத்தில் ஐந்து வெட்டு எடுக்கலாம். ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் பிஞ்சு பிடித்திருக்கும், அதற்கடுத்த தோட்டத்தில் லாரி நிற்கும். வருடத்தின் எந்த மாதத்திலும் பள்ளத்தாக்கில் எங்கேயோ ஒரு பந்தலில் பழம் பழுத்திருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிய வரம் போலத் தெரியும். வரம்தான், மறுக்கவில்லை. முல்லைப் பெரியாறு அணையை 1895-இல் கட்டி முடித்துத் தண்ணீரைக் கிழக்கே திருப்பிவிட்ட பென்னிகுவிக்குக்கு இங்கே தைப் பொங்கலன்று ஏன் மாலை போடுகிறார்கள் என்பது இந்த மண்ணை ஒருமுறை மிதித்தவர்களுக்குப் புரியும்.

கவாத்து வெட்டியதிலிருந்து பழம் வெட்டும்வரை ஏறக்குறைய 120 நாள். கார்த்திகையில் கவாத்து செய்தால் பங்குனியில் பழம். கவாத்து முடித்த அன்று பந்தல் வெறும் குச்சிக் கூடாக நிற்கும். எனக்கு இன்றும் அந்த வெறுமையைப் பார்க்க மனது கேட்காது. பிறகு கணு கணுவாகத் தளிர் வரும். தளிரை ஒதுக்கிக் கம்பியில் கட்ட வேண்டும், வேண்டாததை ஒடிக்க வேண்டும். நாள் முழுவதும் கழுத்தை அண்ணாந்துகொண்டு செய்கிற வேலை அது. பெண்கள்தான் செய்கிறார்கள். அவர்களில் மூத்தவர் எங்கள் தோட்டத்துக்கு என் அத்தை காலத்திலிருந்து வருகிறார். தளிரைத் தொட்ட உடனே இதில் காய் வரும், இதில் வராது என்று சொல்லிவிடுவார். நான் இத்தனை வருடம் நோட்டு எழுதியும் அந்தக் கை எனக்கு வரவில்லை.

இந்த 120 நாளும் பயம் ஒன்றைப் பற்றித்தான். அடிச்சாம்பல் நோய். இரண்டு நாள் தூறலும் மூடிய வானமும் இருந்தால் போதும், இலையின் அடியில் வெள்ளையாகப் பூத்துவிடும். கொடி பூவெடுக்கும் நேரத்தில் நோய் வந்தால் கொத்தே கருகிப்போகும். மாமா இதற்குப் போர்டோ கலவையைத் தன் கையாலேயே தயாரிப்பார். ஒரு கிலோ மயில்துத்தம் (செம்பு கலந்த நீல உப்பு), ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். பிளாஸ்டிக் டிரம்மில்தான் கலக்க வேண்டும், இரும்பு ஆகாது. கலக்கி முடித்ததும் பளபளப்பான அரிவாள் நுனியை அதில் சற்று நேரம் முக்கி எடுத்துப் பார்ப்பார். நுனியில் செம்பு படிந்திருந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இலையைச் சுட்டுவிடும். இன்னும் கொஞ்சம் போடுவார். பிரான்சில் போர்டோ பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர்கள், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமல் இருப்பதற்காகச் சாலையோரக் கொடிகளில் துத்தத்தையும் சுண்ணாம்பையும் அடித்து வைத்தார்களாம். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் வரவில்லை என்பதை மில்லார்தே என்ற பேராசிரியர் கவனித்து, 1885-இல் உலகத்துக்குச் சொன்னார். இதை நான் படித்துச் சொன்னபோது மாமா அரிவாளைத் துடைத்துக்கொண்டே, "அப்படியானால் அங்கேயும் நம்மைப் போலத்தான்" என்று மட்டும் சொன்னார்.

மருந்தைப் பற்றிப் பேசுகிறேன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். திராட்சை மணியின் மேல் வெண்மையாகப் பொடி போல இருக்கிறதே, அதைக் காட்டி "பாருங்கள் விஷம்" என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார்கள். அது பழம் தானாகப் பூசிக்கொள்ளும் மெழுகு. கை படாத பழத்தில்தான் அது முழுதாக இருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள், நல்ல தண்ணீரில் கழுவிச் சாப்பிடுங்கள். மருந்தே அடிக்காமல் வளர்த்தோம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு மருந்துக்கும், அடித்த பிறகு இத்தனை நாள் கழித்துத்தான் வெட்ட வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. எங்கள் நோட்டில் அந்தத் தேதியைச் சிவப்பு மையில் எழுதுகிறேன். அதற்கு முன்பே "நாளைக்கு வெட்டுங்கள், நல்ல விலை" என்று தொலைபேசி வரும். முடியாது என்று சொல்ல எங்களால் முடிந்திருக்கிறது. முன்பணம் வாங்கிவிட்ட வீட்டில் அப்படிச் சொல்ல முடியுமா? மகள் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ அந்தப் பணத்தை வாங்கியவர், வியாபாரி சொன்ன நாளில்தான் வெட்டியாக வேண்டும். நல்ல பழம் வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் அந்தப் பழம் நல்லதாக இருப்பதற்கு விவசாயியின் கையில் நாள் இருக்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது இந்த நாள் கணக்கைத்தான்.

வாழைத்தாரைக் காயாக வெட்டலாம். மாங்காயைப் பறித்து வைக்கோலில் வைத்துப் பழுக்க வைக்கலாம். திராட்சை கொடியை விட்டு வந்த பிறகு ஒரு துளி கூட இனிக்காது. ஆகவே முன்கூட்டி வெட்ட வழியில்லை. பழுத்த பிறகு கொடியில் சில நாள் நிற்கும், வானம் வெளுத்திருந்தால். பன்னீருக்குத் தோல் மெல்லியது. ஒரு மழை போதும், தண்ணீரை உறிஞ்சி மணி வெடித்துவிடும். வெடித்த மணியில் சாறு கசிந்து, ஈயும் குளவியும் மொய்த்து, பக்கத்து மணியும் அழுகும். வெட்டிய பழமோ வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாளில் காம்பு காய்ந்து உதிர ஆரம்பிக்கும். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. நடுவில் கிடைக்கிற ஒரு வாரம்தான் எங்கள் நான்கு மாத உழைப்பின் விலையைத் தீர்மானிக்கிறது. அந்த ஒரு வாரத்தில் "இரண்டு நாள் பொறுங்கள்" என்று சொல்லக்கூடியவர் யாரோ, அவர்தான் விலை வைக்கிறார்.

எங்கள் வியாபாரியை நான் கெட்டவர் என்று சொல்லவில்லை. பத்து வருடப் பழக்கம், கொரோனா ஊரடங்கில் லாரி கிடைக்காத நாளில் தன் வண்டியில் ஏற்றிப்போனவர். அவருக்கும் மேலே ஒரு மண்டி, மண்டிக்கு மேலே ஒரு சந்தை. தை பிறந்து சித்திரை வரைக்கும் மகாராஷ்டிரா விதையில்லாப் பழம் வந்து குவிகிறது. அவர்களும் நம்மைப் போல விவசாயிகள்தான். ஆனால் எங்கள் வியாபாரியால் பொறுக்க முடிகிறது, என்னால் முடியவில்லை. எங்கள் இருவருக்கும் இடையில் இருக்கும் வித்தியாசம் அது ஒன்றே.

புதன்கிழமை இரவு பதினொரு மணிக்கு முதல் துளி தகரத்தில் விழுந்த சத்தம் கேட்டு நானும் என் கணவரும் எழுந்து வெளியே வந்தோம். செய்வதற்கு ஒன்றும் இல்லை. மூன்று ஏக்கர் பந்தலுக்கு யார் குடை பிடிப்பது? மாமா திண்ணையில் உட்கார்ந்திருந்தார், எங்களுக்கு முன்பே எழுந்துவிட்டார் போல. முக்கால் மணி நேரம் பெய்தது. யாரும் பேசவில்லை. காலையில் பெண்கள் வந்து, ஒவ்வொரு கொத்தாகக் கையில் ஏந்தி, வெடித்த மணிகளைக் கத்தரி நுனியால் எடுத்துவிட்டுப் பெட்டியில் வைத்தார்கள். வழக்கமாகப் பாட்டும் சிரிப்புமாக நடக்கிற வெட்டு அன்றைக்கு இழவு வீட்டு வேலை மாதிரி நடந்தது. வாளி வாளியாக உதிரியைக் கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டோம்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அன்றைக்கு நாங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் என்பதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. என் மகள் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் ஒரு பை பழம் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆனால் அந்தப் பெயர் எங்கள் பெட்டியோடு சந்தைவரை போகவில்லை. தள்ளுவண்டியில் கொட்டி விற்கும்போது அது வெறும் "கறுப்பு திராட்சை". பக்கத்தில் விதையில்லாப் பழம் இருக்கிறது, இதில் விதை இருக்கிறது என்று கழித்துப் பேசுகிறார்கள். விதையோடு சேர்ந்துதான் அந்த மணமும் வருகிறது என்று யாராவது சொல்ல வேண்டும்.

ஒயின் ஆலை வேண்டும் என்ற கோரிக்கை எங்கள் பக்கம் பழையது. பன்னீர் நன்றாகச் சாறு விடும் பழம், கணக்குப்படி அது சரியான கோரிக்கைதான். ஆனால் அதற்காக ஊரில் கூட்டம் போட்டபோது எனக்குக் கை தூக்க வரவில்லை. எங்கள் பந்தலில் வேலை செய்யும் எட்டுப் பேரில் மூன்று பேர் குடியால் புருஷனைப் பறிகொடுத்தவர்கள். அவர்கள் கட்டிய கொடியிலிருந்து அது வர வேண்டாம் என்று என் மனது சொல்கிறது. இதில் என்னோடு சண்டை போடுகிறவர்கள் போடலாம். பழச்சாறு ஆலை வரட்டும், இரண்டு கையையும் தூக்குகிறேன்.

அதைவிட முதலில் கேட்பது சின்ன விஷயம். ஊருக்குள், தோட்டத்திலிருந்து குட்டி யானை வண்டியில் பத்து நிமிடத்தில் போய்ச் சேரும் தூரத்தில், 5 டன் கொள்ளும் ஒரு குளிர் அறை. வெட்டிய சூடு தணிவதற்குள் பழத்தை உள்ளே வைத்துவிட்டால் நாள் கூடும். ஒரு வாரம் கூடினால் கூடப் போதும். பெரிய கிடங்கு இருக்கிறதே என்பார்கள். ஒரு கிடங்கில் கேட்டுப் பார்த்தோம். எங்களைப் போன்ற நாலு தோட்டத்துப் பழத்தைச் சேர்த்தாலும் அவர்கள் கேட்ட அளவு வரவில்லை. இடத்தை ஏற்கெனவே ஒரு பெரிய வியாபாரி மொத்தமாக எடுத்திருந்தார். பொறுக்கும் வசதியையும் அவரே வாங்கிவிட்டார்! ஆகவேதான் ஊருக்குள், சிறு விவசாயிகள் சேர்ந்த குழுவின் சாவியோடு அது இருக்க வேண்டும் என்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை அந்த அறை இருந்திருந்தால், வியாபாரி வராவிட்டாலும் வெட்டி உள்ளே வைத்திருப்போம். புதன்கிழமை மழை வெறும் பந்தலில் பெய்திருக்கும்.

வெள்ளிக்கிழமை என் கொழுந்தனார் திருப்பூரிலிருந்து வந்தார். கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "அண்ணி, பந்தலைப் பிரித்துவிட்டுத் தென்னை வைத்துவிடலாம். கல் தூணுக்கே நல்ல விலை கொடுக்கிறார்கள்" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. எங்கள் தெருவிலேயே மூன்று தோட்டம் அப்படித்தான் பிரிந்தது. தூண்கள் லாரியில் போனதை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். தேங்காய் பொறுக்கும். மழைக்கு வெடிக்காது. என் கணவர் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன்.

மாமா எழுந்து தோட்டத்துக்குள் போனார். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, வடக்கு மூலையில் மழையில் சரிந்திருந்த ஒரு கொடியைத் தூக்கிச் சணல் போட்டுக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தார். கொழுந்தனார் பின்னாலேயே வந்து, ஒன்றும் சொல்லாமல் அந்தக் கொடியைத் தாங்கிப் பிடித்தார்.

கொடிக்கு ஒரு மாதம் ஓய்வு. சித்திரை கடைசியில் கவாத்து வைத்திருக்கிறோம். கத்தரிகளைச் சாணை பிடிக்கக் கொடுத்துவிட்டேன்.