வாலாட்டும் நாய் கடிக்காதா?

"வாலாட்டுகிற நாய் கடிக்காது, பிள்ளைகள் தைரியமாகத் தடவலாம்" என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

வால் ஆடினால் நாய் பரபரப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். அது சந்தோஷமாகவும் இருக்கலாம், கோபமாகவும் இருக்கலாம். உடம்பு தளர்ந்து, இடுப்பும் சேர்ந்து ஆடினால் பெரும்பாலும் நட்பு. வால் விறைத்து நிமிர்ந்து நுனி மட்டும் துடிக்கிறதா, வாய் இறுகி, கண்ணோரம் வெள்ளை தெரிகிறதா? பிள்ளையை மெதுவாக விலக்கிவிடுங்கள். சும்மா சும்மா உதட்டை நக்குவதும் கொட்டாவி விடுவதும்கூடப் பதற்றத்தின் அடையாளம்தான்; இதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

டர்பன் இருக்கும் குவாசூலு-நடால் மாகாணத்தில் வெறிநோய் (ரேபிஸ்) இன்னும் ஒழியவில்லை. கடித்துவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே கிளினிக்குக்குப் போங்கள்.

சந்தேகமிருந்தால் கால்நடை மருத்துவரிடமோ விலங்குநல அமைப்பான எஸ்.பி.சி.ஏ.விலோ கேட்டுப் பாருங்கள். அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.