ஒரு குரலைப் பதிய இத்தனை பாடா?

காலிங் பெல்லை அமுக்கினால் "யாரது?" என்று அம்மா குரலில் கேட்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அதற்கு ஒரு சிப் தேர்ந்தெடுப்பதற்குள் தாவு தீர்ந்துவிடுகிறது.

குரல் பதியும் சிப்பான ஐஎஸ்டி 1820 வைத்த மாட்யூலில் (சின்னப் பலகை) மைக், பட்டன் எல்லாம் உண்டு. '20 விநாடி பதியலாம்' என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்பார்கள். அதிலுள்ள ஒரு ரெசிஸ்டரை (மின்தடை) 100 கிலோ ஓமிலிருந்து 200க்கு ஏற்றினால் 10 விநாடி 20 ஆகும், உண்மைதான். ஆனால் சாம்ப்ளிங், அதாவது குரலை விநாடிக்கு எத்தனை தடவை அளந்து பதிகிறது என்ற கணக்கு, 6.4 கிலோஹெர்ட்ஸிலிருந்து 3.2க்கு இறங்கிவிடும். அப்புறம் பேசுவது அம்மாவா, கிணற்றுக்குள் விழுந்த ஆளா என்றே தெரியாது. இதை மட்டும் எவனும் சொல்ல மாட்டான்.

சரி, மெமரி கார்டு போடும் டிஎஃப்பிளேயர் மினி மாட்யூலை வாங்கலாம் என்றால், அது கார்டில் உள்ளதை வாசிக்கும், பதியாது. இரண்டையும் 'வாய்ஸ் மாட்யூல்' என்று ஒரே பெயரில் விற்கிறார்கள்! மெமரி கார்டில் ஃபைல்களுக்கு 0001, 0002 என்று ஒழுங்காகப் பெயர் வைத்தாலும், நம் புரோகிராம் அனுப்பும் சாதாரணக் கட்டளைக்கு அது காப்பி செய்த வரிசையில்தான் பாடும். எம்பி3 என்ற ஃபோல்டருக்குள் போட்டு, அதற்கென்று உள்ள கட்டளையை அனுப்ப வேண்டுமாம். கட்டளை வாங்கும் ஆர்எக்ஸ் காலில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடாவிட்டால் ஸ்பீக்கரில் கொர்ரென்று இரைச்சல் வேறு. போதாததற்குப் போலிகள்: வெளியே ஒரே பலகை, உள்ளே வேறு சிப். ஒன்றில் ஓடும் புரோகிராம் இன்னொன்றில் மக்கர்.

பதியவும் வேண்டும், குரலும் தெளிவாக வேண்டும் என்றால் ஐஎஸ்டி 1760 என்ற சிப் இருக்கிறது. 8 கிலோஹெர்ட்ஸில் 60 விநாடி. கடையில் கேட்டால், "ஸ்டாக் இல்ல சார், 1820 தரட்டுமா?"