பழைய ஆயில் பெயின்டிங்கை நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைக்கலாமா?

மதுரை, காரைக்குடி பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றுகிறது. தாத்தா காலத்து ஆயில் பெயின்டிங் மஞ்சளாகிவிட்டால் நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சால் துடைக்கலாமாம்; அழுக்கு மட்டும் போகுமாம், வண்ணத்துக்கு ஒன்றும் ஆகாதாம். தவறு.

பஞ்சில் ஏறும் பழுப்பு வெறும் அழுக்கு அல்ல. படத்தைக் காக்க வண்ணத்தின் மேல் பூசிய டம்மார், மாஸ்டிக் போன்ற மரப்பிசின் வார்னிஷ், காற்றும் வெளிச்சமும் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்து அப்படி மஞ்சளாகிறது. ரிமூவரில் உள்ள அசிட்டோன் அதைக் கரைக்கும், சரி. ஆனால் அதோடு நிற்காது. அடியில் உள்ள எண்ணெய் வண்ணப் படலத்துக்குள் புகுந்து அதை உப்ப வைக்கும். உப்பிய வண்ணம் மெத்தென்று இருக்கும். பஞ்சு உரசினாலே நிறமி பெயரும். படலத்தில் இருக்கும் கரையக்கூடிய சிறு மூலக்கூறுகளும் கரைந்து வெளியேறும். அசிட்டோன் ஆவியான பிறகு மிஞ்சுவது விறைத்த, வெளிறிய பரப்பு. வீடியோ ஈரம் காய்வதற்குள் முடிந்துவிடுகிறது. ஈரத்தில் எந்தப் படம்தான் பளபளக்காது?

இந்தச் சண்டை புதிதுமல்ல. லண்டன் நேஷனல் கேலரி 1947-இல் தான் சுத்தம் செய்த ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தபோதே, வார்னிஷோடு ஓவியர் தீட்டிய மெல்லிய மேல் வண்ணப்பூச்சும் போய்விட்டதா என்று பெரும் சர்ச்சை நடந்தது. அவ்வளவு கைதேர்ந்தவர்களுக்கே அந்தக் கதி.

செட்டிநாட்டு வீடுகளில் உள்ள தஞ்சாவூர் ஓவியங்களுக்கு இந்த வேலையே வேண்டாம். அவற்றின் வண்ணம் பிசினில் குழைத்தது; ஈரத்துணியே ஆபத்து. ரவிவர்மா அச்சுப்படமோ காகிதம். தூசி தட்ட வேண்டுமானால் உலர்ந்த மெல்லிய தூரிகை போதும். வண்ணம் செதில் செதிலாக எழும்பியிருந்தால் அதுவும் கூடாது.